பாதுகாக்கப்பட்ட மடி

டோரதியின் மடியைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள் என்று சொல்ல மன்றத்திலிருந்து ஆள் வந்தபோது, அவள் அந்த மடியில் முருங்கைக்கீரையைக் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வந்தவர் பெயர் காஜா மொய்தீன். கள அதிகாரி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு நாடா, முகத்தில் கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் பொதுவாகப் பொருந்துகிற ஒரு பாவனை.

“ஆன்ட்டி, அந்தக் கீரைய கொஞ்சம் கீழ வச்சிருங்க. இனிமே அது மேல என்ன வைக்கிறதா இருந்தாலும் பெர்மிட் எடுக்கணும்.”

“எது மேல?” என்று கேட்டாள் பெவர்லி. டோரதியின் மகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து அப்போதுதான் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்குள் நுழைந்திருந்தாள். இன்னும் காலணியைக் கழற்றவில்லை.

“மடி மேலதான், தங்கச்சி.”

அவர் பொறுமையாக விளக்கினார். டவுனில் பழைய கடைவீடுகளைப் பாரம்பரியம் என்று அறிவித்துவிட்டால் ஓடு மாற்றக்கூடாது, சன்னலை இடிக்கக்கூடாது இல்லையா? அதே சட்டம்தான் இதற்கும். “ஒடம்பு எளைச்சா துணியோட மடிப்பு மாறிரும். பெருத்தாலும் மாறிரும். இருக்கிறபடியே இருக்கணும்லா. வேற ஒண்ணுமில்ல.”

டோரதி கீரையை வாரித் தட்டில் போட்டுத் தரையில் வைத்தாள்.

“ஜோனத்தன் பாட்டு விசயமாவா?”

“ஆமா ஆன்ட்டி.”

“அப்ப அளந்துக்கப்பா.”

ஜோனத்தன் அவள் மகன். பெவர்லியின் தம்பி. செத்துப்போனவன்.

உயிரோடு இருந்த காலத்தில் அவனுக்குப் பாடுவதற்கு நேரம் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அப்படி ஒரு ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து, கைப்பேசியைத் தொலைக்காட்சியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சோபாவில் அம்மா மடியில் படுத்தான். சோபாவின் மறுபாதியில் மடிக்காத சலவைத் துணி குவிந்து கிடந்ததால் கால்களை நீட்ட இடமில்லை. ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. டோரதி அவன் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கை துணியில் படாமலிருக்க, அதை விரித்து வெளியே நீட்டியிருந்தாள். அந்த நிலையில் அவன் பாடினான்: ‘லிஃப்ட்டு கெட்டுப் போச்சு, நீயோ மேல் மாடியில.’ பாடி முடித்து அப்படியே தூங்கியும் போனான்.

அடுத்த மழைக்காலத்தில் ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் ஒரு லோரி அவனுடைய மோட்டார் சைக்கிளை இடித்தது. அடக்கம் முடிந்தபின் அவன் சிநேகிதன் ஒருவன் அந்தக் காணொளிக்குத் தாளமும் பேஸ் கிட்டாரும் சேர்த்து வெளியிட்டான். பாட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது.

உயிரோடு இருந்தபோது வீட்டுக்குள் மட்டும் பாடியவன் இப்போது எல்லா இடத்திலும் பாடினான். பாசாரில் கோழி வெட்டுகிறவனின் ரேடியோவில் பாடினான். கீழ்மாடிப் பிள்ளைகளின் பிறந்தநாளில் பாடினான். ஒருமுறை பஸ்ஸில், முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கைப்பைக்குள்ளிருந்து அழைப்பு மணியாகப் பாடினான். டோரதி, “வரேண்டா,” என்று சொல்லி எழுந்து நின்றுவிட்டாள். பெவர்லிதான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்தப் பெண் தொலைபேசியை எடுக்கவில்லை. பாட்டுப் பிடித்திருந்ததால் முழுதாக ஓடவிட்டாள்.

டோரதி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஏன் என்று கேட்டால், “அவன் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு, எப்படிடி எறங்கும்?” என்பாள். அம்மாவும் போய்விடுவாள் என்ற பயம் பெவர்லிக்கு அப்போதுதான் வந்தது. வேறு பயம் எதற்கும் அவளிடம் இடம் இருக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மன்றம் அவர்களைக் கண்டுபிடித்தது.

அதன் முழுப்பெயர் மறுமலர்ச்சிக் கலை, நவீன பாப் இசைத் தாக்க மன்றம். டத்தோ கிராமாட் பக்கம் புதுப்பித்த ஒரு பழைய பங்களாவில் இயங்கியது. இன்றைய பாப் பாடல்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலிய ஓவியங்களிலிருந்தும் சிலைகளிலிருந்தும் வந்தவை என்று கண்டறிவது அதன் வேலை. கண்டறிவதில் சிரமம் இருக்கவில்லை. முடிவு முதலிலேயே தயாராக இருந்தது, பாட்டுதான் கிடைக்க வேண்டும். சிப்பி வடிவ நாற்காலியில் உட்கார்ந்து பாடிய பட்டர்வொர்த் பெண் ஒருத்திக்கு, சிப்பிமேல் தேவதை நிற்கும் ஓவியத்தின் தாக்கம் என்று ஏற்கனவே சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். நாற்காலி அவளுடையதல்ல, முடிதிருத்தும் கடையினுடையது என்பதால் கடைக்காரருக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

மன்றத்தின் இயக்குநர் டாக்டர் காமினி. அவர் டோரதியையும் பெவர்லியையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டு, அறையில் வேறு யாரும் இல்லாதபோதும் நின்றபடியே பேசினார்.

“ஃபிளாரன்ஸில் நான் தங்கியிருந்த வாரத்தில் ஓர் உண்மையை உணர்ந்தேன். பாட்டைக் காதால் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். காது வெறும் இடைத்தரகர். பாட்டைக் கேட்பது கண். அதனால்தான் எங்கள் மன்றத்தில் ஒலிபெருக்கி வாங்கவில்லை. தேவைப்பட்டால் வாடகைக்கு எடுக்கிறோம். பேஸ் கிட்டார் என்பது என்ன? நிழல். பல்லவி? குவிமாடம். குரலை இழைக்கும் கணினி வேலை? ஓவியத்தின் மேல் பூசும் வார்னிஷ். லிஃப்ட் கெட்டுப்போனது என்றால் என்ன? சொர்க்கத்துக்கு ஏற முடியாத மனித ஆன்மா.”

“லிஃப்ட்டு நெசமாவே கெட்டுத்தான் போயிருந்துச்சு டாக்டர்,” என்றாள் பெவர்லி. “சரி பண்ண ஆளே வரல.”

டாக்டர் காமினி கண்களை மூடித் திறந்தார். “தாக்கம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது, பாருங்கள். கட்டடம் வரைக்கும்.”

பிறகு சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். பளிங்குச் சிலை. தாய் மடியில் இறந்த மகன். தொங்கும் கை, தாயின் விரிந்த இடது உள்ளங்கை.

“வியாகுல மாதா,” என்றாள் டோரதி. சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அது பக்தி. இது கலை. உங்கள் மகன் இதை அப்படியே எடுத்தாண்டிருக்கிறார். துணிக்குவியலைக்கூட விடவில்லை.”

“ஆனா என் மவன் அப்ப சாவலியே டாக்டர். தூங்கிக்கிட்டுத்தானே இருந்தான்.”

“ஆமாம்,” என்றார் டாக்டர் காமினி. “அந்தக் குறை பிறகு நிவர்த்தியாகிவிட்டது.”

அவர் மனிதர்களை நோகடிக்க நினைத்துப் பேசுகிறவரல்ல. சிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்பாடு எளிமையானது. சனிக்கிழமைதோறும் டோரதி மன்றத்துக்கு வந்து மேடையில் உட்கார வேண்டும். மடியில் ஓர் இளைஞன் படுப்பான். பாட்டு ஓடும். பார்வையாளர்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள்.

பெவர்லி வேண்டாம் என்றாள். ஆனால் முதல் சனிக்கிழமை வீடு திரும்பிய டோரதி சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, மறுமுறையும் போட்டுச் சாப்பிட்டாள். பெவர்லி வாயை மூடிக்கொண்டாள்.

“பாரம் இருக்குடி,” என்றாள் டோரதி, விரலை நக்கியபடி. “தலை பாரம். யாரோ ஒரு பையன்தான் படுக்கிறான். ஆனா பாட்டு ஆரம்பிச்சதும் பாரம் மாறிடுது. எனக்குத் தெரியாதா?”

மன்றத்துக்கு வேறு கவலை இருந்தது. படுக்கிற இளைஞர்கள் மூச்சு விட்டார்கள். பார்வையாளர் ஒருவர் அதை எழுத்து மூலமாகவே புகார் செய்திருந்தார். உடனே மரணநிலை உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அது கூடி, மூச்சு விடுவது காலப்பிழை என்று தீர்மானம் போட்டது. காஜா மொய்தீன் சனிக்கிழமைகளில் மேடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, இளைஞனின் மார்பு அசைகிறதா என்று பார்ப்பார்.

“தம்பி, வயித்துல விடுப்பா மூச்ச. மேல விடாத. உபகுழு சேர்மன் பாக்குறாரு.”

“வயித்துலயும் தெரியுதுண்ணே.”

“அப்ப பாட்டு முடியிற வரைக்கும் விடாத.”

ஒருவன் மயங்கிப்போனான். அந்தச் சனிக்கிழமைதான் இதுவரை நடந்ததில் சிறந்தது என்று உபகுழு குறித்துக்கொண்டது.

கடைசியில் வந்து சேர்ந்தவன் குகன். கல்லூரி மாணவன், நாடகத்தில் ஆர்வம். இயல்பாகவே மெதுவாக மூச்சு விடுகிறவன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆனால் சில வாரங்களில் அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பாட்டு முடிந்த பிறகும் எழுந்திருக்க நேரமெடுத்தான். எழுந்தால் அறையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஒரு சனிக்கிழமை மேடையை விட்டு இறங்கி வாசல்வரை போனவன் திரும்பி வந்து டோரதியிடம் கேட்டான்:

“மா, என் ஹெல்மெட் எங்க?”

டோரதி மெல்ல, “வீட்டுல இருக்குய்யா,” என்றாள்.

குகனிடம் மோட்டார் கிடையாது. அவன் எப்போதும் கிராப் வாடகைக் காரில்தான் வருவான். சற்று நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு முகம் வெளுத்து, பையை எடுத்துக்கொண்டு ஓடினான். அம்மாவை அழைத்துப்போக வந்திருந்த பெவர்லி காஜா மொய்தீனைப் பார்த்தாள். அவர் டார்ச்சை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்தார்.

“அண்ணே, இத யார்கிட்ட சொல்றது?”

“சொல்லலாம், தங்கச்சி. ஆனா ஃபாரத்துல ‘தாக்கம்’னு ஒரு கட்டம் இருக்கு. எதச் சொன்னாலும் அதுலதான் போடுவாங்க.”

அடுத்த வாரம் இத்தாலியிலிருந்து இணையவழியில் யாரோ ஒரு நிபுணர் காணொளியைப் பார்த்துக் கருத்து அனுப்பினார். டாக்டர் காமினி மறுபடியும் நின்றபடி பேசினார்.

“வருத்தத்துடன் ஒரு திருத்தம். அந்தப் பளிங்குச் சிலையைக் கவனித்தால் தெரியும், தாய் மகனைவிட இளையவள். தூய்மையானவளுக்கு வயது ஏறுவதில்லை. டோரதி அம்மையார் வயதானவராகத் தெரிகிறார். அவர்மேல் தவறில்லை. ஆனால் வயதாவதை ஒரு கட்டத்தில் நிறுத்தியிருக்கலாம்.”

“இவங்கதான் அவனைப் பெத்தவங்க,” என்றாள் பெவர்லி.

“பெத்தத யாரும் கேள்வி கேக்கல, தங்கச்சி,” என்றார் காஜா மொய்தீன், காலணியைப் பார்த்தபடி. “கம்போசிஷன்லதான் பிரச்சன.”

“அப்ப அவனுக்கு அம்மா யாரு?” டோரதி கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அந்த இடம் தற்போது காலியாக உள்ளது,” என்றார் டாக்டர் காமினி. “நேர்முகத் தேர்வு வைப்போம். உங்கள் மடியின் தகுதி மட்டும் தொடரும். மடி பாரம்பரியமானதுதான். நீங்கள்தான் பொருந்தவில்லை.”

டோரதி வீட்டுக்கு வந்து படுத்தாள். ஞாயிறு பூசைக்கும் எழுந்திருக்கவில்லை. கஞ்சி வைத்தால் ஆறிப்போனது. பெவர்லி எம்.சி. போட்டு மருத்துவ விடுப்பு எடுத்தாள், முடிந்தது. அவசர விடுப்பு எடுத்தாள், அதுவும் முடிந்தது. தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே, வீட்டில் அம்மா மூச்சு விடுகிறாளா என்று யோசித்தாள்.

காஜா மொய்தீன் மாதாந்திரச் சோதனைக்கு வந்தார். நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

“ஆன்ட்டி, ரொம்பக் கொறஞ்சிருக்கு. ஷோ-காஸ் லெட்டர் போட்டு வெளக்கம் கேட்டுருவாங்க. சாப்பிடுங்க ஆன்ட்டி.”

“அவன் அம்மா சாப்பிடுவாப்பா,” என்றாள் டோரதி, சுவர்ப்பக்கம் திரும்பி. “யாரைப் போட்டிருக்காங்களோ அவ.”

காஜா மொய்தீன் அன்று நாடாவில் பார்த்த அளவை எழுதவில்லை. பழைய அளவையே எழுதிக்கொண்டு போனார்.

பெவர்லி மன்றத்துக்குப் போய், அம்மாவை மறுபடி உட்காரவைக்கும்படி கெஞ்சினாள். டாக்டர் காமினி அவள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். பிறகு மறுபக்கம் நடந்துபோய் அங்கிருந்தும் பார்த்தார்.

“நீங்கள் இரவு வேலை செய்கிறீர்களா? வெயிலே படாத முகம். கண்ணுக்குக் கீழே நிழல். இதைப் பளிங்கில் கொண்டுவருவதற்கு அந்தக் காலத்தில் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! நீங்களே தாயாக உட்காருங்கள்.”

“நான் அவனுக்கு அக்கா.”

“அதெல்லாம் குடும்ப விஷயம்.”

அம்மா முன்வரிசையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பெவர்லி ஒப்புக்கொண்டாள். பாட்டைக் கேட்டு, அந்தப் பையனைப் பார்த்தாவது அவள் ஒருவாய் சாப்பிடுவாள் என்ற கணக்கு. முன்வரிசை ஆதரவாளர்களுக்கானது என்பதால் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள்.

பெவர்லி உட்கார வேண்டிய அன்று மன்றத்தின் ஆண்டுவிழா. சாயங்கால வெளிச்சம் பங்களாவின் பெரிய சன்னல்கள் வழியே விழுந்துகொண்டிருந்தது. பெவர்லியை நீலத்துணியால் சுற்றி, மடிப்பு மடிப்பாக ஊசி குத்தி உட்காரவைத்தார்கள். அந்த நேரத்தில் காஜா மொய்தீனின் தொலைபேசி ஒலித்தது. குகனின் அம்மா. அவள் கத்தியது மேடைவரை கேட்டது.

“உயிரோட இருக்கிற புள்ளைய வாரா வாரம் சாவடிக்கிறீங்களா? ராத்திரியில யாரு பேரோ சொல்லிக் கூப்பிடுறான்! இனிமே அவன் வரமாட்டான்!”

விருந்தினர்கள் உட்கார்ந்தாகிவிட்டது. டாக்டர் காமினி ஒரு கணம் மட்டுமே தடுமாறினார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“பெருமக்களே, மறுமலர்ச்சியின் மிகப்பெரிய சிற்பிகள் பல சிலைகளை முடிக்காமலே விட்டார்கள். இன்று நாங்களும் மகனை வேண்டுமென்றே வைக்கவில்லை. இந்த முடிவுக்காக எங்கள் குழு நீண்ட நாள் உழைத்தது.”

கைதட்டினார்கள். வாடகை ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது.

பெவர்லி வெறும் மடியோடு, சொன்னபடி ஒரு கையை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் குரல் தலைக்குமேல் போனது. அவனை அவள் கடைசியாகத் தொட்டது பிணவறையில், அடையாளம் சொல்லும்போது, நெற்றியில் இரண்டு விரல். அதற்கு முன் எப்போது தொட்டாள் என்று நினைவில்லை. வளர்ந்த பிறகு அக்காவும் தம்பியும் எங்கே தொட்டுக்கொள்கிறார்கள்? உப்பு டப்பாவை நகர்த்துவார்கள், அவ்வளவுதான்.

அப்போது மடியில் பாரம் இறங்கியது.

முதலில் தொடையின் வலப்பக்கம், தலை. பிறகு தோள். நீலத்துணி அமுங்கிப் பள்ளமானது. குத்தியிருந்த ஊசி ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. குளிர் என்று எதுவும் இல்லை. வேலை முடித்து வந்து படுக்கிற ஆளின் சாதாரணமான, முழுமையான, அசதியான கனம். முன்வரிசை அதைப் பார்த்தது. யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். பிறகு பலத்த கைதட்டல். பெவர்லி எழ முயன்றாள். முடியவில்லை.

பாட்டு முடிந்தது. பாரம் போகவில்லை.

“ம்மா,” என்றாள் பெவர்லி. அவளுக்கே கேட்காத சத்தம்.

தூணுக்குப் பின்னாலிருந்து டோரதி வந்தாள். எலும்பும் தோலுமாக, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து. மேடைக்கு முன் காஜா மொய்தீன் கையை நீட்டித் தடுத்தார்.

“ஆன்ட்டி, உள்ள வரக்கூடாது. எக்சிபிட்டு…” அவர் பெவர்லியின் மடியில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். கை தானாகக் கீழே இறங்கியது. “போங்க ஆன்ட்டி.”

டோரதி மேடையேறி மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். பள்ளத்தைப் பார்த்தாள். அந்த இடத்துக்குத்தான் அவள் ஏங்கினாள், வாரக்கணக்காக அதற்காகத்தான் பட்டினி கிடந்தாள். கையை நீட்டினாள். தொடுவதற்குமுன் மகளின் முகத்தைப் பார்த்தாள். பெவர்லியின் உதடு நீலம் பாரித்திருந்தது. கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

டோரதி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“டே,” என்றாள். காலையில் எழுப்புகிற குரல். “அக்காவுக்குக் காலு மரத்துப் போச்சு. எழுந்திரு.”

எதுவும் நடக்கவில்லை.

“எழுந்திருடா. அவளுக்கு வேலைக்கு நேரமாச்சு.” மகளின் விரித்த கையைப் பிடித்துக்கொண்டாள். “போயிட்டு வான்னு நான் சொல்லல. போ.”

துணி மெல்ல மேலெழும்பியது. முதலில் தோள் இருந்த இடம். தலை இருந்த இடம் கொஞ்சம் தாமதித்தது. பிறகு அதுவும்.

டாக்டர் காமினி ஏற்கனவே பேச ஆரம்பித்திருந்தார். துணி தானாக அமுங்கும் இந்த உத்தி ஃபிளாரன்ஸில்கூட இல்லை, இது முழுக்க முழுக்க மன்றத்தின் ஆராய்ச்சியில் உருவானது, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்படும் என்று அறிவித்தார். மேடையை விட்டு இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் தாங்கியபடி இறங்கிப் போவதைக் கண்டு, அனுமதியின்றிக் காட்சிப்பொருள் வெளியேறுவது குறித்து விளக்கம் கேட்கப்படும் என்றும் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

பெவர்லிக்குக் கால் இன்னும் மரத்துத்தான் இருந்தது. மன்றத்தின் நீலத்துணியை வாசலிலேயே அவிழ்த்துப் போட்டாள். தெருமுனையில் ஹபீப் முகம்மதின் சாப்பாட்டுக் கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். டோரதி அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

“பசிக்குதுடி,” என்றாள்.

ஹபீப் முகம்மது கரண்டியைக் குழம்பில் வைத்தபடியே நிமிர்ந்து அவர்கள் வருவதைப் பார்த்தார்.

“வாங்க, வாங்க. மூணு பேரா?”

பெவர்லி திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. டோரதி திரும்பிப் பார்க்கவில்லை.

“ரெண்டு பேருதான்ப்பா,” என்றாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.